புறாக்கள் இருந்த பால்கனி

லிப்ட் மெக்கானிக்குக்கு அந்தப் பித்து பிடித்தது நாற்பத்தாறாவது வயதில். அதுவரை வேலை, வீடு, பேப்பர், தூக்கம் என்று இருந்த மனிதர். மூடிக்கிடந்த ஐந்து மாடி ஹோட்டல் ஒன்றை இடிக்கப் போகிறார்கள், அதற்குமுன் லிப்டைக் கழற்றி எடுக்க வேண்டும் என்று கம்பெனி அவரை அனுப்பியது. மூன்று நாள் வேலை. முதல் நாள் மதியம் டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா காலாற நடந்தவர், நான்காவது மாடியில் ஓர் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். கட்டிலில் மெத்தை இல்லை. மேஜைமேல் பல் உடைந்த சீப்பு ஒன்று கிடந்தது. சுவரில் யாரோ பென்சிலால் நாலு ரயில் நேரங்களை எழுதி, ஒன்றுக்கு மட்டும் வட்டம் போட்டிருந்தார்கள். அந்த ஆள் அந்த ரயிலைப் பிடித்தானா, விட்டானா என்று யோசித்தபடி நின்றதில் சாப்பாடு ஆறிப்போனது. மிச்ச இரண்டு நாளும் அவர் போல்ட்டுகளைக் கழற்றியதைவிடக் கதவுகளைத் திறந்ததுதான் அதிகம்.

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி சிரித்தாள். அவள் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டைப்பிஸ்ட். விரலைப் போலவே நாக்கும் வேகம்.

"ஆள் இருக்கிற வீட்டுக்கே நீங்க போறதில்ல. என் தம்பி வீட்டுக்குக் கூப்பிட்டா கால் வலிக்குதும்பீங்க. ஆளே இல்லாத வீட்டப் பாக்க மட்டும் கால் வலிக்காது, இல்ல?"

ஆனாலும் கேட்டுக்கொண்டாள். அடுத்தடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகப் போய் வந்து, மூடிப்போன அச்சகத்தைப் பற்றியும் நர்ஸுகள் விடுதியைப் பற்றியும் சொன்னார். மூன்றாவது ஞாயிறு காலையில் அவளே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வரேன். நீங்க பாத்துட்டு வந்து சொல்றதுல பாதி வழியிலயே காணாமப் போயிடுது."

பிள்ளை இல்லாத வீடு அது. இருவருக்கும் பேசிக்கொள்ள விஷயம் தீர்ந்துபோய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. உப்பு போதுமா, கேஸ் சொல்லியாச்சா என்பதோடு நின்றுவிடும். அந்த ஞாயிறுக்குப் பிறகு வாரம் முழுக்கப் பேச்சு ஓயவில்லை. அவர் போனால் தூண், உத்தரம், மோட்டார் என்று பார்ப்பார். அவள் காகிதத்தைத் தேடுவாள். வருகைப் பதிவேடு, லீவு லெட்டர், நோட்டீஸ் போர்டில் துருப்பிடித்த குண்டூசியோடு தொங்கும் எச்சரிக்கை, எதையும் விடமாட்டாள். "இந்த மேனேஜருக்கு இங்கிலீஷும் வரல, கோபமும் அடங்கல," என்பாள். எதையும் எடுத்து வரக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். பார்த்த காகிதத்தை இருந்த இடத்திலேயே, இருந்த மடிப்போடு வைத்துவிட்டு வருவாள்.

அவர் கையில் ஸ்பானர் பை இருக்கும். காக்கிச் சட்டை போட்டு ஸ்பானர் பையோடு நுழைகிறவனை எந்த வாட்ச்மேனும் எதுவும் கேட்பதில்லை. கூட வரும் பெண்மணி யாரென்று ஒருவன் கேட்டதற்கு, "நான்தான் இவரோட மேலதிகாரி," என்று அவள் முகம் மாறாமல் சொன்னாள். வாட்ச்மேன் எழுந்து நின்றான். அதை நினைத்து நினைத்து ஒரு மாதம் சிரித்தார்கள்.

எத்தனையோ கட்டடம் பார்த்தும் அவளுக்கு மனசு ஒட்டிக்கொண்டது ஒரு சினிமா தியேட்டரில்தான். மூடி இருபது வருஷம் ஆகியிருந்தது. கூரையில் ஓட்டை, அதன் வழியாக வெயில் கம்பு போல இறங்கி நாற்காலிகள்மேல் விழும். பால்கனி முழுக்கப் புறாக்கள். படியில் கணுக்கால் ஆழத்துக்கு எச்சம், காய்ந்து பொடியாகி, மிதித்தால் மாவு மாதிரிப் பறக்கும். அவள் பால்கனி முன்வரிசையில் ஒரு நாற்காலியை அவர் கைக்குட்டையால் தட்டுவாள். தூசி அடங்குவதற்குள் உட்கார்ந்து, கிழிந்த திரையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பாள்.

லிப்ட் வேலை செய்கிறவர்களுக்குப் புறா புதிதில்லை. மொட்டைமாடி மெஷின் ரூம் எல்லாவற்றிலும் கூடு கட்டியிருக்கும். அதனால் மூக்கில் துணி கட்டிக்கொள்வது அவருக்குப் பழக்கம். அவளுக்கும் ஒரு துணி நீட்டினார். "வாசனை தெரியாம எப்படிங்க ஒரு இடத்தப் பாக்கறது?" என்றாள். அடுத்த தடவையும் நீட்டினார். அவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் நீட்டவில்லை.

ஆறு வருஷம் இப்படிப் போனது.

இருமல் வந்தபோது சளி என்றுதான் நினைத்தார்கள். பக்கத்துத் தெரு டாக்டர் மருந்து கொடுத்தார், மாற்றிக் கொடுத்தார், பிறகு வேறு கலரில் கொடுத்தார். ஒன்றரை வருஷம் அதிலேயே ஓடியது. அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி. லிப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிப்ட் இல்லை என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் பழகிய கேலி. முதலில் அதைச் சொன்னதே அவர்தான். அவள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு யாரும் அதைச் சொல்வதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"வீட்ல புறா வளக்கறீங்களா?"

"இல்லையே டாக்டர்," என்றாள் அவள், கேள்வி முடிவதற்குள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னாள். "நீங்க வாயத் திறக்காதீங்க. என் தம்பிக்குத் தெரிஞ்சா உங்கள உரிச்சுப் போடுவான்."

மருந்து வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் திரும்ப உள்ளே போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"எல்லாருக்கும் இது வராது. சிலரோட நுரையீரல் மட்டும் அந்தத் தூசிய எதிரியா நெனச்சுச் சண்டை போடும். சண்டை போட்டுப் போட்டுத் தழும்பாயிடும். இவங்களுக்கு ரெண்டு பக்கமும் தழும்புதான் இருக்கு."

"இனிமே போகலன்னா?"

"இருமல் ஆரம்பிச்சப்பவே நிறுத்தியிருந்தா பரவாயில்லாம இருந்திருக்கும்."

இருமல் ஆரம்பித்த பிறகு பதினோரு தடவை தியேட்டருக்குப் போயிருக்கிறார்கள். அதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை. நடைபாதையில் நின்று விரல்விட்டு எண்ணியபோது விரல் போதவில்லை.

வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷினும், கரண்ட் போனால் உதவ ஒரு சிலிண்டரும் வந்தன. அவள் வேலையை விட்டாள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும், வேறொன்றும் தெரியாது. ஒருநாள் சொன்னாள், "நீங்க போயிட்டு வாங்க. வந்து சொல்லுங்க. பாதி காணாமப் போனாலும் பரவாயில்ல."

மாட்டேன் என்றார். மூன்று வாரம் கெஞ்சினாள். கடைசியில் ஒரு ஞாயிறு, கீழ்வீட்டுத் தையல்காரம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு, மூடிப்போன டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒன்றுக்குப் போனார். உள்ளே நுழைந்து பத்து நிமிஷத்தில் அவருக்கு எல்லாம் மறந்துபோனது. ஒரு ஹால் முழுக்க வரிசை வரிசையாகச் சுவிட்ச் அலமாரிகள், ஆயிரக்கணக்கான ஒயர்கள் ஒன்றோடொன்று பின்னி, ஒவ்வொன்றிலும் ஊசிமுனை எழுத்தில் ஒரு நம்பர். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவள் கண்ணை மூடிக் கேட்டுச் சிரித்தாள்.

மறுநாள் படியில் தையல்காரம்மா அவரை நிறுத்தினாள்.

"அண்ணே, சொல்லக்கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிச்சு. ஆனா எனக்கு மனசு கேக்கல. நேத்து நீங்க போனப்புறம் கரண்ட் போயிடுச்சு. முக்கா மணி நேரம். சிலிண்டர எப்படித் தெறக்கறதுன்னு எனக்குத் தெரியல. போன் போட்டா நீங்க எடுக்கல. அக்கா உதடெல்லாம் நீலமாயிடுச்சு."

போனை ஸ்பானர் பையில் போட்டிருந்தார். எடுத்துப் பார்த்தார். ஏழு தடவை அடித்திருந்தது.

அதன்பிறகு அவர் போகவில்லை. ஆனால் அவள் அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவரும் கிளம்பி, பக்கத்து பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து, பார்க்காத கட்டடங்களைச் சொன்னார். ஒருமுறை பழைய கோர்ட்டின் மாடியறையை வர்ணித்துக்கொண்டிருந்தபோது அவள் மூச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அந்தக் கோர்ட்டுக்கு மாடியே கிடையாதுங்க."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"சரி, சொல்லுங்க. மாடியில அப்புறம் என்ன இருந்துச்சு?"

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், தலையணையைச் சரிசெய்ய அவர் குனிந்தபோது, அவள் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு, அவள் தம்பி வந்தான். லாரி ஷெட்டில் சூப்பர்வைசர். அக்காதான் அவனைப் படிக்க வைத்தவள். துணிமணிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டே கேட்டான்.

"மச்சான், ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. நம்ம வீட்டுல யாருக்கும் மூச்சுக் கோளாறு கிடையாது. அக்காவுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

பொய் சொல்ல அவருக்கு வழி இருந்தது. அவளே போட்டுவைத்த வழி. ஆனாலும் சொன்னார். தியேட்டர், பால்கனி, நாற்காலியைத் தட்டியது, ஒன்றுவிடாமல். தம்பி கையிலிருந்த சேலையைப் பாதி மடிப்பில் அப்படியே பிடித்திருந்தான்.

"தூசின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நான் மூக்குல துணி கட்டிக்குவேன்."

"அக்கா?"

"அவ கட்டிக்கல."

"நீங்க சொல்லலையா?"

"ரெண்டு தடவை சொன்னேன்," என்றார். "அப்புறம் விட்டுட்டேன். துணி கட்டினா அவளுக்குப் பிடிக்காது. அப்பதான் மறுபடியும் நல்லாப் பேச ஆரம்பிச்சிருந்தோம். அதக் கெடுக்க வேணாம்னு..."

தம்பி சேலையைக் கட்டிலில் வைத்தான். உரிக்கவுமில்லை, கத்தவுமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். மூன்று மாடியும் இறங்கும்வரை அவன் காலடி கேட்டது. அதற்குப் பிறகு அவர் எத்தனையோ முறை போன் செய்துவிட்டார். மணி அடித்து அடித்து ஓய்கிறது.

இப்போது அவருக்கு ஐம்பத்தாறு. கம்பெனியில் கேட்டு, புதுக் கட்டட வேலைக்கு மட்டும் போகிறார். பெயிண்ட் வாசனை மாறாத சுவர்கள், இன்னும் யாரும் குடிவராத வீடுகள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, அதுவே அவருக்குச் சௌகரியம். பஸ்ஸில் போகும்போதுதான் சங்கடம். கண்ணாடி உடைந்த ஜன்னலோடு, கதவிடுக்கில் செடி முளைத்து ஏதாவது ஒரு கட்டடம் வழியில் வந்துவிடுகிறது. பார்த்த மாத்திரத்தில் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளிக் குதிக்கிறது, உள்ளே என்ன இருக்கும் என்று. அவள் நினைப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த ஒரு நொடி முந்திக்கொண்டு வருகிற ஆசையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, இறங்க வேண்டிய இடம் வரும்வரை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.