தலையில்லாத குதிரையும் என் தம்பியும்

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு கோடை முழுக்க, சூரிச் பக்கம் டீட்டிகோனுக்கு அருகே ஒரு குழிக்குள் குந்தியிருந்து மண் சுரண்டினேன். எங்கள் ஆட்கள் லுசேர்ண் ஹோட்டல்களில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம் அது. நானும் ஓர் உணவகத்தில் கழுவினவன்தான். அங்கே தலைமைச் சமையல்காரன் ஒருநாள் நாயைக் கூப்பிடுகிற மாதிரி விசிலடித்து என்னைக் கூப்பிட்டான். கையிலிருந்த சட்டியைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு அப்போது மூக்குக்கு மேலே கோபம். இப்போதும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

பிறகு இந்த வேலையை அகதி விடுதியின் பொறுப்பாளர்தான் பிடித்துத் தந்தார். தொடர்மாடி கட்ட அத்திவாரம் வெட்டின இடத்தில் பழைய சவக்குழிகள் வந்துவிட்டனவாம், மண் அள்ள ஆள் தேவையாம். எலும்புக்குப் பயமில்லையா என்று கேட்டார். உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் பயம் என்று சொல்ல வாய் உன்னியது. ஜெர்மன் வரவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

நானும் தம்பியும் ஒரே விமானத்தில் வந்து, ஒரே வாசலில் நின்று தஞ்சம் கேட்டவர்கள். இரண்டு பேருக்கும் ஒரு சூட்கேஸ். என்னைச் சூரிச் பக்கம் அனுப்பினார்கள், அவனைப் பிரெஞ்சு பேசுகிற லோசானுக்கு அனுப்பினார்கள். புருஷன் பெண்சாதி என்றால் சேர்த்து வைப்பார்களாம். சின்னப் பிள்ளை என்றாலும் சரியாம். வளர்ந்த அண்ணன் தம்பி குடும்பக் கணக்கில் வராதாம். அம்மா அவனுடைய கையை எடுத்து என் கைக்குள் வைத்துத்தான் அனுப்பினார். அது குடும்பம் இல்லையென்றால் எதுதான் குடும்பம்? தம்பியை என்னிடம் மாற்றித் தாருங்கள் என்று விண்ணப்பம் போட்டுவிட்டு, அந்தப் பதிலுக்காகவே எழும்பிக்கொண்டும் படுத்துக்கொண்டும் இருந்தேன்.

விடுதி அறையில் என்னோடு இருந்தவர்கள் எல்லாரும் வேறு வேறு நாட்டுக்காரர்கள். ஆளுக்கொரு மொழியில் பெருமூச்சு விட்டோம். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. எப்போதும் இரண்டு பேருக்குப் போட்டுவிடுவேன், சோறு மிஞ்சும். அந்த மிச்சச் சோற்றைப் பார்த்தால் அழுகை வரும். வாரக்கணக்கில் வாயில் தமிழ் வராமல் போனது. சில பின்னேரங்களில் லிம்மாட் ஆற்றங்கரையில் நடந்துகொண்டு எனக்கு நானே கதைப்பேன். எதிரே வருகிற வெள்ளைக்காரக் கிழவிகள் நாயை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போவார்கள். போகட்டும் என்று இன்னும் பலமாகக் கதைப்பேன்.

என் பங்குக் குழியில் முதலில் வந்தது ஒரு மனிதன். பக்கத்தில் துருவாகிப்போன வாள், இடது குதிகாலில் ஒரு குதிமுள். குதிரையை விரட்ட உதவும் இரும்பு முள் அது. அந்தக் காலத்தில் ஒரு காலுக்கு மட்டும் கட்டுவதுதான் வழக்கமாம். பிறகு அவனுக்குப் பக்கத்திலேயே பெரிய பெரிய எலும்புகள் வந்தன. விலா, கால்கள், முதுகுத்தண்டு. முழுக் குதிரை. தலை மட்டும் இல்லை. நான் தலையைத் தேடிச் சுற்றிவரச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அகழ்வுக்குப் பொறுப்பான பெண் மேலே நின்று சுருட்டுப் பிடித்தபடி பார்த்துவிட்டு, வீணாகத் தேடாதே, புதைக்க முதலே வெட்டிவிட்டார்கள் என்றார்.

சாப்பாட்டு இடைவேளைகளில் எனக்கு விளங்குகிற மாதிரி மெல்ல மெல்லச் சொன்னார். அவர் சொன்ன காலத்தை நான் கணக்குப் பார்த்தால், எங்கள் பக்கத்தில் பல்லவர் ஆண்ட நாட்களில் வாழ்ந்தவன் இவன். உழுவதற்கும் பாரம் இழுப்பதற்கும் அன்றைக்கு மாடுதான். ஊருக்குள் ஓரிருவரிடம்தான் சவாரிக் குதிரை இருக்கும். குதிரை வைத்திருப்பவன் சண்டைக்குப் போவான், ஊர்க் கூட்டத்துக்குப் போவான், நிலத்து வரும்படியைத் தண்டப் போவான். தூரத்தில் புழுதி தெரிந்தால் சனங்கள் முதலில் குதிரையைத்தான் அடையாளம் கண்டுகொள்வார்களாம், பிறகுதான் ஆளை. அப்படிப்பட்டவன் செத்தால், போகிற இடத்தில் நடந்து திரியக்கூடாது என்று குதிரையையும் கொன்று கூட அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், செத்துப் போனவன்மேல் பொறாமை. அதற்குப் பிறகு மதியப் பாணை அந்தக் குழி ஓரத்தில் இருந்துதான் தின்றேன். குதிரையோடு தமிழில் கதைத்தேன். அது நன்றாகக் கேட்டது.

எலும்புகளைத் தூக்குகிற நேரம் வந்தபோதுதான் அந்தப் பெண் சொன்னார், மனித எலும்பு ஓரிடத்துக்குப் போகும், மிருக எலும்பு வேறு நகரத்துக்குப் போகும் என்று. எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. இத்தனை நூற்றாண்டு ஒன்றாகக் கிடந்ததுகளைப் பிரிக்க நீங்கள் யார் என்று தமிழில் கத்தினேன். நல்ல யாழ்ப்பாணத்து வசவும் சேர்த்துத்தான். அவர் நான் முடிக்கும்வரை பொறுத்து நின்றார். முடித்தபிறகு, என் ஓட்டை ஜெர்மனில், “இரண்டும் ஒன்று” என்றேன். மனித எலும்பு பார்க்கிறவர்கள் மிருக எலும்பு பார்ப்பதில்லை, ஒழுங்கு அப்படி என்றார். அந்த ஒழுங்கு என்கிற சொல்லை நான் எத்தனை அலுவலகக் கதவடியில் கேட்டவன்! என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, சரி, ஞாயிறு கழியட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை தம்பி வருவதாக இருந்தது.

அவன் ஒரு பை நிறையப் பாணோடு ரயிலால் இறங்கினான். கன்னம் வைத்திருந்தது, தலைமயிரை வேறு மாதிரி வெட்டியிருந்தான். வேலை செய்கிற பேக்கரியின் வாசம் அவனுடைய ஜாக்கெட்டில் இருந்தது. நேரே குழிக்குக் கூட்டிப்போய் பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கிக் காட்டினேன். ஏதோ நானே வளர்த்த குதிரை மாதிரி எனக்குப் பெருமை.

“நெடுந்தீவுக் குதிரையளவுதான் இருக்கு” என்றான். நாங்கள் இரண்டு பேரும் நேரில் கண்ட குதிரைகள், எங்கள் பக்கத்துத் தீவில் திரிகிற அந்தக் கட்டைக் குதிரைகள்தான். “தலை எங்கை?”

வெட்டிவிட்டார்கள், எசமான் செத்தவுடன் துணைக்கு இதையும் அனுப்பினார்கள் என்றேன். அவன் குந்தியிருந்து வெட்டுப்பட்ட கழுத்தெலும்பைப் பார்த்தான். நோய் வருத்தம் ஏதும் வந்து சாகவில்லையா என்று கேட்டான். இல்லை, மூட்டெல்லாம் தேயாத நல்ல இளங்குதிரை என்றேன்.

“அப்ப இதை ஒருத்தரும் கேக்கேல்லை.”

குதிரையை எவனடா கேட்பான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மண்மேட்டில் இருந்து பாணைப் பிய்த்துத் தின்றோம். பேக்கரி முதலாளி மேல்மாடியில் அறை தந்திருக்கிறாராம். பின்னேரத்தில் பிரெஞ்சு வகுப்பாம், சனிக்கிழமைகளில் பந்தடியாம். நான் காதில் வாங்காமல், நீ இங்கே வந்தவுடன் இரண்டு பேருமாக ஓர் அறை எடுப்போம் என்று என் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். அவன் பாணைக் கீழே வைத்தான்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. எனக்கு அங்கை பிடிச்சிருக்கு. அந்த விண்ணப்பத்தைத் திருப்பி எடுங்கோ.”

“அம்மா உன்னை என்னட்டைத்தானே தந்துவிட்டவா?” என்றேன்.

“நான் உங்களை விட்டிட்டுப் போகேல்லை அண்ணை. அங்கை இருக்கிறன். அவ்வளவுதான்.”

குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றுக்கு விரிப்பு எழும்பி எழும்பி விழுந்தது. பின்னேர ரயிலில் அவனை ஏற்றிவிட்டேன். ஜன்னலால் கை காட்டினான். நானும் காட்டினேன். வீதியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய வெறுமை. அந்தத் தனிமையைப்போல ஒன்றை நான் பிறகு அனுபவிக்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டு வண்டிகள் வந்தன, மனிதனுக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று. நான் திரும்பவும் சண்டை பிடிப்பேன் என்று அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் குதிரையின் கழுத்தெலும்பைத் துடைத்துத் தாளில் சுற்றினேன். கால்களைச் சுற்றினேன். பெட்டிகளை ஒருவரையும் தொடவிடாமல் நானே சுமந்துபோய் மற்ற வண்டியில் ஏற்றினேன். எல்லாம் சரியா என்று கேட்டார். சரி என்றேன்.

பின்னேரம் அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்தேன். விடுதிக்கு வந்து அடுப்பை மூட்டி, ஒரு ஆளுக்கு அரிசி போட்டேன். அன்றைக்குச் சோறு மிஞ்சவில்லை.