அத்தர் கடையின் பாதி ஷட்டர்

போன வருடம் பக்ரீத்துக்கு அடுத்த வியாழக்கிழமை, வைகாசிக் கடைசி. மாதமும் கிழமையும் சொல்லாவிட்டால் எனக்கு ஒன்றைச் சொன்ன திருப்தியே வராது. பழைய திருச்சியில் நடந்ததை எழுதி வைக்கிற பழக்கத்தால் வந்த வியாதி அது. இடம், ஸ்ரீரங்கத்தில் கீழ உத்திர வீதி, என் நண்பர் வீட்டு மாடி.

நண்பர் கல்யாண வீடியோ எடுப்பவர். சினிமா எடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இருவரும் சேர்ந்து ஒரு திரில்லர் கதை எழுதியிருந்தோம். ஸ்ரீரங்கத்து நகைக்கடைக்காரர் ஒருவர் காணாமல் போகிறார். அவரோடு கடைசியாகப் பேசிய அத்தர் கடைக்காரர் மேல் போலீஸ் சந்தேகப்படுகிறது. உண்மையில் கொன்றது நகைக்கடையின் கூட்டாளி. அத்தர் கடைக்காரரை நான் என்னைப் பெற்ற அத்தாவை வைத்தே எழுதியிருந்தேன். பெரிய கடைவீதிப் பக்கம் அத்தர் விற்றவர் அவர். மவுத்தாகி, அடக்கம் செய்தே பல வருடமாகிறது.

பணம் போட ஒருவர் கிடைத்தார். அவர் சென்னையிலிருந்து ஒரு கதை ஆலோசகரை அனுப்பினார். இளைஞர், நன்றாகப் படித்தவர். வந்ததும் வெள்ளைப் பலகையில் இரண்டு கோடு கிழித்து மூன்று பாகமாக்கினார். முதலில் சிக்கல், நடுவில் நெருக்கடி, கடைசியில் வெடிப்பு. இதெல்லாம் நானும் படித்ததுதான், மறுக்க ஒன்றுமில்லை. பிறகு சொன்னார், "கொலையை அத்தர் கடைக்காரர்தான் சார் பண்ணணும். ஆடியன்ஸ் அதைத்தான் எதிர்பார்ப்பாங்க."

"எதிர்பார்த்ததே நடந்தா அதுக்குப் பேரு திரில்லரா சார்?" என்றேன்.

அதற்கும் ஒரு துப்பு வைத்திருந்தார். கொலை நடக்கிற வெள்ளிக்கிழமை மதியம் அத்தர் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. ஆள் எங்கே போனார்? அங்கே இடைவேளை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை மதியம் ஷட்டர் பாதி இறங்கியிருந்தா ஜும்மா தொழுகைக்குப் போயிருக்காருன்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே."

"படம் திருச்சிக்கு மட்டுமா சார்? தமிழ்நாடு முழுக்க ஓடணும்."

"தமிழ்நாடு முழுக்கவும் வெள்ளிக்கிழமை வருதுங்க."

நண்பர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பணம் போடுகிறவருக்கு இந்த முடிவுதான் பிடித்திருக்கிறதாம், மாற்றினால் படமே இல்லையாம். ஆலோசகர் அதை மென்மையாகத்தான் சொன்னார். கூடவே, "ரொம்ப உணர்ச்சிவசப்படறீங்க பாய்" என்றார். அதுவரை நான் சார்.

எழுந்துபோய் அவர் கையிலிருந்த மார்க்கரை வாங்கினேன். "பாய்னு கூப்பிடறதுல எனக்கு வருத்தமில்லீங்க, ஊரே அப்படித்தான் கூப்பிடுது. ஆனா இதைப் பாருங்க. உங்க கதையில முதல் பாகத்துல பாய் மேல சந்தேகம். ரெண்டாவதுலயும் பாய். மூணாவதுலயும் பாய். கோடுதான் ரெண்டு கிழிச்சிருக்கீங்க, கதை இருந்த இடத்துலயே நிக்குது. எங்க கதையில முதல்ல ஆடியன்ஸ் அவரைச் சந்தேகப்படுறாங்க. நடுவுல போலீஸ் அவரை அடிக்கிறப்போ, நல்லா வேணும்னு நினைக்கிறாங்க. கடைசியில கூட்டாளி மாட்டுறான், கூடவே அவரைச் சந்தேகப்பட்ட ஆடியன்ஸும் மாட்டுறாங்க. மூணாவது பாகம்னா அதுதாங்க."

அவர் பலகையை அழிக்க ஆரம்பித்தார். அத்தர் கடைக்காரரைக் கொலைகாரனாக்கினால் கதையில் என் பெயரோ, நான் எழுதிய ஒரு வரியோ இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். நண்பருடைய ஆசையை மிதித்துவிட்டுப் போகிறோம் என்று தெரிந்துதான் இறங்கினேன். ராஜகோபுரத்தைத் தாண்டும்போது பின்னாலேயே நண்பரின் ஸ்கூட்டர் வந்தது.

"ஏறுங்கோ அண்ணா, பஸ் ஸ்டாண்டில விடறேன்."

"படம்?"

"அந்தப் படம் அவாளோடதுன்னு சொல்லிட்டேன். நம்ம படத்தை நாம எடுப்போம். கேமரா என்கிட்ட இருக்கோன்னோ?"

ஆடியில் எடுத்தோம், முக்கால் மணி நேரப் படமாக. போலீஸ்காரராக நடித்தவர் மணப்பாறையில் முறுக்கு வியாபாரம் செய்பவர். அந்தப் பாதி ஷட்டரை நான் விடவில்லை. ஆலோசகரின் துப்பை அப்படியே எடுத்து இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்துவிட்டேன்.

தை மாதம் தென்னூரில் ஒரு சின்ன ஹாலில் போட்டோம். பாதிக்கு மேல் எங்களுக்குத் தெரியாத முகங்கள். நடுப்பாகத்தில் இன்ஸ்பெக்டர் அத்தர் கடைக்காரரின் சட்டையைப் பிடித்து, "வெள்ளிக்கிழமை மதியம் கடையை விட்டுட்டு எங்கடா போன?" என்று கேட்கிற இடம். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், நெற்றியில் திருமண் இட்டவர், திரையைப் பார்த்து எரிச்சலோடு சொன்னார், "தொழுகைக்குப் போயிருப்பார், விடுங்கய்யா அவரை."

நண்பர் இருட்டில் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

மூன்றாவது பாகம் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கலாம் என்று பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எங்கள் அத்தாவுக்காக முன்பின் தெரியாத ஒருவர் இன்ஸ்பெக்டரை அதட்டிய படம் அது, அதில் ஒரு காட்சியைக்கூட நான் மாற்றுவதாக இல்லை.