கன்னத்து வேலும் கடைவாய்ப் பல்லும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கியிருக்கிறேன். பேனாவை எடுப்பேன். சுவாமி காரியத்தையும் சொத்தைப் பல்லையும் ஒரே தாளில் எழுதுவது அடுக்குமா என்று தோன்றும், திரும்ப வைத்துவிடுவேன். என் மனைவியின் அண்ணன் உயிரோடு இருந்தவரை அவர் மனம் நோகுமே என்ற தயக்கமும் இருந்தது. இப்போது அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் ஆத்மா சாந்தியடையட்டும். அவரைப் பற்றி நான் சொல்லப்போவது முருகனுக்கு முன்பே தெரியும். ஆகையால் புதிதாகக் கோள் சொன்ன பாவம் எனக்கு வராது.

அப்போது நான் பினாங்கில் கடலோரக் கிட்டங்கி ஒன்றில் கிராம்பு, ஜாதிக்காய் மூட்டைகளை நிறுக்கும் வேலையில் இருந்தேன். எங்கள் ஒரே மகளுக்குக் கடுமையான ஜுரம் கண்டு, பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்தாள். பிள்ளையைக் கொடு, தைப்பூசத்தில் கன்னத்தில் வேல் குத்திக் காவடி எடுக்கிறேன் என்று பினாங்குத் தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். அவன் தன் பங்கைச் செய்துவிட்டான். நான் விரதம் தொடங்கினேன். ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு, தரையில் படுக்கை, எந்நேரமும் அவன் நாமம். பூசம் நெருங்கி வந்தபோது இடது கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது.

வலி என்றால் சாதாரண வலி இல்லை. காதுக்குள் யாரோ உட்கார்ந்து சுத்தியல் போடுவதுபோல இருந்தது. இடது கன்னம் புட்டுப்போல வீங்கத் தொடங்கிற்று. வேல் குத்த வேண்டிய கன்னம் அது.

"ஏங்க, சீனன் கடையில போய்ப் புடுங்கிட்டு வந்துடுங்களேன். ஒரு நிமிஷ வேலை," என்றாள் மனைவி. பல் கட்டும் சீனர்களுக்கு ஊரில் குறைவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பொய்ப் பல் வரிசைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். போகிற வருகிறவரைப் பார்த்து அவை சிரித்துக்கொண்டிருக்கும்.

நானும் சட்டையை மாட்டிவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் அவள் அண்ணன், என் மச்சான், வந்து இறங்கினார். தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் அவர் கங்காணி. பூசத்துக்காக முன்கூட்டியே லீவு எடுத்துக்கொண்டு அக்கரையிலிருந்து படகேறி வந்திருந்தார். அவரும் விரதம். தோட்டத்துச் சனங்களை விரட்டிப் பழகிய குரலிலேயே சுவாமி காரியமும் பேசுவார். விரதத்தில் எது ஆகும், எது ஆகாது என்பதில் சுவாமியைவிட அவருக்குத்தான் கண்டிப்பு அதிகம்.

"பல்லைப் புடுங்குறதா? நல்லா இருக்கே மாப்பிள்ளை. முருகனுக்குக் கொடுக்கிறேன்னு சொன்ன உடம்பு. அதுல ஒரு உறுப்பைக் கழட்டிச் சீனன்கிட்ட கொடுத்துட்டு, மிச்சத்தை அவனுக்குக் கொண்டுபோவியோ? ரத்தம் வேற சிந்தும். விரதமே போச்சு."

பிள்ளையின் உயிருக்கு ஈடாகச் சொன்ன வாக்கு. குறைப்பட்ட உடம்போடு போய் நின்று, அந்தக் குறை பிள்ளை தலையில் விழுந்துவிட்டால்? சட்டையைக் கழற்றிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டு வைத்தியம் ஆரம்பமாயிற்று.

முதலில் கிராம்பு. நாள் முழுவதும் அதைத்தான் நிறுக்கிறேன். மூட்டை மூட்டையாகக் கிராம்புக்கு நடுவில் பல்வலியோடு நிற்கிற பாக்கியம் உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மென்று அடக்கிக்கொண்டேன். நாக்குதான் மரத்தது. பல் மரக்கவில்லை. பக்கத்து வீட்டார் கற்பூரம் என்றார்கள். கற்பூரத்தைப் பொடித்து வைத்தேன். ஈறு வெந்துபோயிற்று. உப்புத் தண்ணீர் கொப்பளித்துக் கொப்பளித்துக் கொல்லைப்புறத்தில் புல் கருகியதுதான் கண்ட பலன்.

பிறகு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு தமிழ் முஸ்லிம்; நானா என்று கூப்பிடுவோம். என் கன்னத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வியாபாரிக்கு அது இயற்கை. ஒரு தைலக் குப்பியை எடுத்து வைத்தார். அதோடு ஒட்டிய தாளில் பல்வலி, தலைவலி, தேள்கடி, சூதகவலி, ஆண்களின் சோர்வு என்று எழுதியிருந்தது. தேள் கடித்தவனுக்கும் எனக்கும் ஒரே மருந்து. இரண்டு நாள் போட்டேன். மேல்தோல் உரிந்தது. திரும்பப் போனேன். கன்னத்தில் தடவச் சொல்லி ஒரு களிம்பு டப்பாவைக் கொடுத்தார். எனக்குச் சந்தேகம். களிம்பென்றால் கொழுப்பு இருக்குமே, விரதக்காரன் தடவலாமா என்று கேட்டேன். நானா பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"பன்னிக் கொழுப்பு இல்லண்ணே, அதுக்கு நான் சத்தியம் பண்ணுவேன். இருந்தா என் கடைக்குள்ள வராது. மாட்டுக் கொழுப்பா இல்லையான்னு நான் விசாரிக்கல. எனக்கு அது விலக்கு இல்ல பாருங்க."

டப்பாவை அவர் பக்கமே மெதுவாகத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

பூசத்துக்கு முந்தின நாள் நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் கதவைச் சாத்திவிட்டு, மடியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். பிராந்தி. பஞ்சில் நனைத்துப் பல்லில் வை, விழுங்காதே, துப்பிவிடு என்றார். விரதத்தில் சாராயமா என்று நான் திகைத்தேன்.

"மருந்துன்னு நெனச்சா மருந்து, மாப்பிள்ளை. வாயில வச்சுக்கிறது தப்பில்ல. தொண்டைக்குக் கீழ இறங்கினாத்தான் பாவம்."

பல்லைப் பிடுங்கினால் பாவம், பிராந்தி வைத்தால் புண்ணியம். அந்த வேதனையில் எனக்கு அது நியாயமாகவே பட்டது. பஞ்சை வைத்தேன். வலி கொஞ்சம் அடங்கியது. குப்பியை மச்சான் திரும்ப மடியில் சொருகிக்கொண்டார். மறுநாள் காலையிலும் ஒரு பஞ்சு வைத்துக்கொண்டுதான் புறப்பட்டேன்.

மலையடிவாரத்தில் ஒரே கூட்டம். மேளமும் வேல் வேல் என்ற முழக்கமும் காதைப் பிளந்தன. ஆற்றில் முழுகிவிட்டு, வேல் குத்தும் பண்டாரத்தின் முன் போய் நின்றேன். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பண்டாரம் வாயைத் திறக்கச் சொல்லிக் கிட்டே குனிந்தார். சடக்கென்று பின்வாங்கினார்.

"குடிச்சிட்டா வந்து நிக்கிறீரு?"

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். பதில் சொல்லப் பார்த்தேன். கிராம்பும் பிராந்தியும் சேர்ந்து நாக்கு மரத்துக் கிடந்தது, குளறினேன். அது குடிகாரன் பேச்சுப் போலவே இருந்திருக்கும். மச்சானைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நான் அப்பவே சொன்னேன், விரதம்னா விளையாட்டு இல்லன்னு. கேட்டாத்தானே?"

என் மனைவி அதுவரை தன் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் அல்ல. பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, குப்பி உங்க மடியிலதானே இருக்கு. எடுத்து ஐயாகிட்ட காட்டுங்க."

மச்சான் அசையவில்லை. பண்டாரமே கை நீட்டி உருவினார். பல்லில் வைத்த பஞ்சைப் பற்றி மனைவி எடுத்துச் சொன்னாள். பண்டாரம் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு விரற்கடை அளவுகூட இல்லை.

"பஞ்சு நல்லாக் குடிச்சிருக்கு," என்றார் மச்சானைப் பார்த்து.

கூட்டம் சிரித்தது. மச்சான் அதில் கரைந்து காணாமல் போனார். ஆனால் எனக்கு வேல் கிடைக்கவில்லை. வீங்கின கன்னத்தில் குத்தமாட்டேன், சீழ் பரவினால் பழி என் மேல் என்று பண்டாரம் உறுதியாகச் சொல்லிவிட்டார். காலில் விழுந்தும் பார்த்தேன். என் கண் முழுவதும் பிள்ளை மேல்தான் இருந்தது. அவள் ஏதோ மிட்டாயைச் சப்பிக்கொண்டு, அப்பா ஏன் அழுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோ ஒரு பால்குடம் கொடுத்தார்கள். கன்னத்தை மஞ்சள் துணியால் கட்டிக்கொண்டு படியேறினேன். ஒவ்வொரு படிக்கும் பல் தெறித்தது. கன்னத்தில் வேல் தாங்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன், ஒரு பல்லின் வலியைத் தாங்கமாட்டாமல் ஊரிலுள்ள குப்பிகளையெல்லாம் முகர்ந்து திரிந்திருக்கிறேனே என்று ஏறும்போதே வெட்கமாயிருந்தது. அப்பனே, இந்த வலியை வைத்துக்கொள், வேல் காணிக்கையை அடுத்த வருஷம் தருகிறேன் என்றேன். பால் வார்த்தபோது மனம் லேசாயிற்று. பல் லேசாகவில்லை. இறங்கினதும் நேரே சீனன் கடைக்குப் போனேன். மனைவி சொன்னபடி ஒரு நிமிஷ வேலைதான்.

அடுத்த பூசத்தில் இடது கன்னத்தில் வேல் குத்திக் காவடி எடுத்தேன். ஒரு பல் குறைந்த அந்த உடம்பை அவன் ஏற்றுக்கொண்டான். பிள்ளைக்கு ஒரு குறையும் வரவில்லை. இன்று அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மனிதர்கள்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் ஊரில் நான் குடித்துவிட்டுப் பால்குடத்தோடு உருண்டதாகப் பேச்சு. தாசேக் கெலுகோரில் பண்டாரம் என்னை அறைந்ததாகவும், மச்சான் குறுக்கே விழுந்து காப்பாற்றியதாகவும் சொல்கிறார்கள். அந்தக் கதை யார் வாயிலிருந்து புறப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே, படிக்கிற அன்பர்களே, இதைப் பத்துப் பேருக்குச் சொல்லுங்கள். எனக்காக அல்ல, சுவாமி பேரால் பல்லை நோகவிடுகிறவர்களுக்காக. சொல்லும்போது ஒரு குப்பியைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என்னை நல்லவனாக்கவும் வேண்டாம். என் மனைவி சொன்னதை அவள் சொன்னபடியே சொல்லுங்கள். முருகன் துணை.