முதல் வண்டி ஏன் நின்றது

திருமங்கலத்திலிருந்து வந்த பஸ் பசுமலையில் நின்றுபோனதுதான் முதலில் ஞாபகம் வரும். முன்னால் லாரி, அதற்கு முன்னால் வேன், அப்புறம் கண்ணுக்கு எட்டாத வரிசை. பக்கத்தில் என் ரூம்மேட்; நாங்கள் இருவரும் பிசிக்ஸ். அவன் அம்மா மூன்று நாளாக மதுரையில் ஐசியூவில் கிடந்தார். அவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம். அவன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"மாப்ள, ஒவ்வொரு வண்டியும் முன்னாடி வண்டி நின்னதால நிக்குது. அப்ப மொத வண்டி? பிரபஞ்சமும் அப்படித்தான. எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு இருந்தே ஆகணும்ல? அதைத்தான்டா அல்லாஹ்ங்கிறோம்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஹாஸ்டலில் யார் சாமி கும்பிட்டாலும் வம்புக்கு இழுப்பேன். "மொத வண்டி டயர் பஞ்சராயிருக்கும்டா. காரணம்னு ஒண்ணு இருந்தா அதுக்குக் காதும் இருக்கணுமா? பஞ்சரான டயர்கிட்டப் போயி எங்கம்மாவக் காப்பாத்துன்னு கேப்பியா?"

முன் சீட்டுக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை. வாதம் என்று பார்த்தால் இன்றைக்கும் நான் சொன்னதில் ஓட்டை இல்லை. முதல் காரணம் இருக்கலாம். அது நாம் பேசுவதைக் கேட்கும், இரங்கும் என்பதைத் தனியாகத்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் அவன் அன்று நிரூபணம் தேடவில்லை. அது என் மண்டையில் ஏறவில்லை.

இரண்டு நாளில் அவன் அம்மா போய்விட்டார். பள்ளிவாசலுக்கு வெளியே, கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே நின்றேன். உள்ளே, அடக்கத்துக்கு முந்தைய ஜனாஸா தொழுகைக்கு வரிசை கட்டி நின்றார்கள். தாய்க்கு மகனே முன்னால் நின்று தொழவைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவனோ வெளியே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டான். அவன் தாய்மாமா பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஏம்ப்பா, அம்புட்டுப் பேரும் ஒனக்காகத்தான் நிக்கிறாங்க. வாப்பா."

"நீங்க தொழவைங்க மாமு. நான் வரல."

மாமா என்னைப் பார்த்தார், நானாவது ஏதாவது சொல்வேன் என்று. 'உள்ள போடா' என்றால் போயிருப்பான். நான் கீழே கிடந்த செருப்புகளைப் பார்த்தேன். அவர் உள்ளே போனதும் அவன் மெதுவாகக் கேட்டான்: "நாம சொல்றதக் கேக்க அங்க யாரும் இல்லைல மாப்ள?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம், ஜெயித்துவிட்டேன் என்று. அந்தத் தொழுகையில் குனிவதில்லை, நெற்றி தரையில் படுவதில்லை. நின்றபடியே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இப்போது அவன் மறுபடி ஐந்து வேளையும் தொழுகிறான். என்னோடு சகஜமாகத்தான் பேசுகிறான். அம்மா பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறான். பள்ளிவாசலுக்கு வெளியே அன்று அவன் கேட்டது நிஜமான கேள்வி. 'தெரியலடா' என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அன்றைக்கும் தெரியாதுதான்.