முருங்கைக் கொம்புக்கு ஒரு பந்தல்

வங்காளத்தில், லேக் மார்க்கெட்டில் என் தேங்காய், வாழையிலைக் கடையைத் தெரியாத தமிழ் வீடு அன்றைக்குக் கிடையாது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தலையில் கூடை சுமந்து தொடங்கி, சொந்தக் கடை, பின்னால் வீடு, முற்றத்தில் ஒரு முருங்கை என்று சேர்த்தவன். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு பங்குனி மாதம், அந்த முருங்கையின் பட்ட கொம்பில் பச்சைப் பறவை ஒன்று பொந்து குடைய ஆரம்பித்தது.

பச்சை என்றால் கிளிதானே? மீனாட்சி அம்மன் கையில் இருப்பது என் வீட்டுக்கே வந்துவிட்டது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். தினமும் சுவர்மேல் சோறும் மிளகாய்ப் பழமும் வைத்தேன். சோற்றைக் காக்கை தின்றது. மிளகாய் அப்படியே காய்ந்தது.

லேக் கார்டன்ஸிலிருந்து இலை வாங்க வரும் பாங்கு அதிகாரி ஒருவருக்குப் பறவை பார்க்கிற பைத்தியம். முற்றத்துக்கு வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணாச்சி, இது கிளி இல்லே, குக்குறுவான். நெத்தி சிவப்பு, தொண்டை நீலம், பாருங்க. பழந்தின்னி. இதோட பெரிய சொந்தக்காரன் தென் அமெரிக்காவுல இருக்கான். டூக்கன்னு பேரு."

அடுத்த முறை படம் கொண்டுவந்து காட்டினார். பறவையில் பாதி மூக்கு. யாரோ மலை வாழைப்பழத்தை மாட்டிவிட்ட மாதிரி இருந்தது.

"இதைச் சுமந்துக்கிட்டு எப்படி சார் பறக்கும்?"

"உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும், கனமே இல்லே. நுனியால பழத்தைப் பறிச்சு, அண்ணாந்து தூக்கிப்போட்டு விழுங்கும். கொட்டையை எங்கேயோ போய்க் கக்கும். அங்கே மரம் முளைக்கும். காட்டுக்கு அதுதான் தோட்டக்காரன்."

"பொந்து குடையுமா?"

"அந்த மூக்கால எங்கே குடைய? மரங்கொத்தி விட்டுப்போன பொந்து கிடைச்சா குடியேறிக்கும்."

எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. அமெரிக்காக்காரன் குடக்கூலிக்காரன். என் ஆள் சொந்த மூக்கால் வீடு கட்டியவன், என்னைப் போல! அன்று முதல் சுவர்மேல் கனிந்த வாழைப்பழம்தான்.

சித்திரையில் பொந்துக்குள் குஞ்சுச் சத்தம் கேட்டது. அதோடு கால்பைசாகி என்கிற கோடைப் புயல் வீசும் காலமும் வந்தது. பட்ட கொம்போ சமையல் கொட்டகைத் தகரத்துக்கு நேர் மேலே நின்றது.

"காத்துல முறிஞ்சா என் அடுக்களை போயிரும்லா. வெட்டுங்கன்னா கேக்குதீயளா?" என்றாள் மனைவி.

"குஞ்சு இருக்குட்டீ."

"அப்போ கொம்பும் விழக்கூடாது, குஞ்சும் சாவக்கூடாது. நீங்கதான் பெரிய ஆளாச்சே, செய்ங்க பாப்போம்!"

என்னிடமா சவால்? டாக்குரியாவிலிருந்து பூஜைப் பந்தல் கட்டும் மூங்கில்காரரை அழைத்துவந்தேன். அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சித்தப்பா முறை சொல்லி வங்காள மொழியில் கேட்டார்: "காக்கு, இந்தப் பந்தல்ல எந்த சாமி?"

"பொந்தில் ஒரு தாயும் குஞ்சுகளும்."

"துர்கா மாவும் பிள்ளைங்களோடதானே வர்றா!" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் மூங்கில் ஊன்றி, குறுக்கே ஒன்று கொடுத்து, கயிற்றை முறுக்கி முறுக்கிக் கொம்பைத் தாங்கவைத்தார். அவர் இறங்கிய கொஞ்ச நேரத்தில் தாய்ப்பறவை பழத்தோடு உள்ளே போனது.

ஒரு சாயங்காலம் புயல் வந்தது. எதிர்வீட்டு ஆன்டெனா பிய்த்துக்கொண்டு போனது. தகரத்துக்குக் கீழே நிற்க மாட்டேன் என்று வீட்டுக்குள் ஓடிவந்த மனைவி, ஜன்னலை விட்டு நகரவில்லை.

"ஆடுது... ஆடுது... ஏங்க, நிக்குதுங்க!"

மழை விட்டதும் பொந்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினாள்.

பிறகு குஞ்சுகள் ஒவ்வொன்றாக ஏரிப் பக்கம் பறந்துபோயின. தென் அமெரிக்காவில் எந்த டூக்கனுக்காவது இப்படிப் பந்தல் போட்டிருக்கிறார்களா என்று பாங்கு அதிகாரியிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இலைக்கட்டை எடுத்துக்கொண்டார்.

மூங்கிலை அவிழ்க்க ஆள் வந்த அன்று, மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இருக்கட்டும், தொடாதீய. அடுத்த பங்குனிக்கு வருவாவல்லா."