செவுள் பார்த்துச் சொன்ன சம்மதம்

பாரிசில் சுஷி சாப்பிட எந்தக் கடை நல்லது என்று எங்கள் தீவில், ஊர்காவற்றுறையில், என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மகள் வீட்டில் மூன்று மாதம் நின்று வந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. எனக்குத் தெரிந்தது ஒரு தெருவும் இரண்டு கடைகளும்தான். அதிலும் குழம்பித்தான் ஊர் திரும்பினேன்.

நான் போய் இறங்கிய கிழமையே மகள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஜப்பான் கடையொன்றில் மீன் வெட்டும் எங்கள் பெடியன் ஒருவனை விரும்புகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போக வேண்டும். தாயில்லாத பிள்ளை, நான் ஓம் என்றால்தான் கலியாணம். கடை எங்கே என்று கேட்டேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு, வாசலில் கடதாசி வெளிச்சக்கூடு தொங்கும் என்றாள்.

மாப்பிள்ளையை அவனுக்குத் தெரியாமல் முதலில் விசாரிப்பது எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் தனியே புறப்பட்டேன். அந்தத் தெருவில் வெளிச்சக்கூடு இல்லாத கடையைத்தான் தேட வேண்டியிருந்தது. முதலாவது கடைக்குள் ஒரு தமிழ் முகம் மீன் வெட்டிக்கொண்டிருந்தது. இவன்தான் என்று முடிவுகட்டினேன். மற்றக் கடைகளையும் எட்டிப் பார்க்க இந்த விசரனுக்குத் தோன்றவில்லை.

தட்டில் பச்சை மீன் வந்தது. முப்பது வருடம் கடலுக்குப் போனவன் நான். செவுளைத் தூக்கிப் பார்க்காத மீனை வாயில் வைத்ததில்லை.

“தம்பி, இதின்ரை தலை எங்கை?”

அவன் சிரிக்கவில்லை. குசினிக்குள் போய் ஒரு சால்மன் தலையைக் கொண்டுவந்து செவுளைத் தூக்கிக் காட்டினான். சிவப்பாக இருந்தது.

“காலமைதான் வெட்டினது, ஐயா. நீங்கள் தீவுப் பக்கமோ?”

“ஓம். எப்பிடித் தெரியும்?”

“இஞ்சை வேறை ஆரும் தலையைக் கேக்கிறேல்லை.”

கலியாணம் முடித்தாயிற்றா என்று விசாரித்தேன். இன்னும் இல்லை என்றான். பெயரைக் கேட்கவில்லை, கேட்டால் நான் யாரென்று சொல்ல வேண்டிவரும். மீன் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. ருசி பிடிபடவில்லை. பெடியனை நன்றாகப் பிடித்துப்போயிற்று.

அன்று பின்னேரமே மகளிடம் சொன்னேன்: “தனியப் போய்ப் பாத்திட்டன், பிள்ளை. நல்ல பெடியன். எனக்கு ஓம்.”

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். “நீங்கள் மாட்டன் எண்டுவியள் எண்டு எவ்வளவு பயந்தனான், அப்பா.” உடனே அவனுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் நேரே அந்தக் கடையை நோக்கி நடந்தேன். மகள் கையைப் பிடித்து எதிர்ப்பக்கக் கடைக்குக் கூட்டிப்போனாள். உள்ளே வேறொருவன் கைகூப்பி நின்றான். நான் பார்த்து ஓம் சொன்னது இவனுக்கல்ல.

“வெள்ளிக்கிழமை எப்ப வந்தனீங்கள், ஐயா? நான் காணேல்லையே?”

“நீர் வேலையிலை நிண்டனீர், தம்பி. குழப்பேல்லை.”

அவன் தட்டை என் முன்னால் வைத்தான். தலையைக் கேட்க வாயெடுத்தேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேளாமலே தின்றேன். நல்லா இருக்கு என்றேன்.

வெளியே வந்தபோது எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் நின்று மற்றவன் கையசைத்தான்.

“ஆரப்பா அது?”

“தெரியாது, பிள்ளை.”

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தை முடி என்பார்கள். எனக்கு மூன்றே போதுமாயிருந்தது. மருமகன் தங்கமான பிள்ளை. கிழமைக்கு ஒருமுறை ஃபோன் எடுத்து, “மாமா, சாப்பிட்டாச்சோ?” என்று கேட்பான். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு முதலில் மற்றவனுடைய முகம்தான் வருகிறது. மாதா கோயிலில் சுவாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதைச் சொல்லவில்லை. என்ன பாவமென்று சொல்வது?