யார் பிரம்மச்சாரி?

இன்று நடந்ததைச் சங்கத்துப் பலகையில் ஒட்டுகிறேன்.

வெளியூர்க்காரர்கள் என்று தமிழ்க் கடைப் போர்டுகள் மேல் கல் விழுகிற காலம். அதனால்தான் எங்கள் தாராவி சாலில், இந்த ஒற்றையறை வரிசை வீடுகளில், தமிழரும் மராத்தியரும் சேர்ந்து ஒரே கணபதி வைக்கிறோம். பின்திரை வரைவது என் பொறுப்பு.

காலையில் வரைந்து முடித்தேன். பிள்ளையார் தனியாக; முருகன் வள்ளி தெய்வானையோடு. எங்கோ ஒரு டிரான்சிஸ்டர் பாடியது. நான் வரைந்த நீல மேகத்துக்குள் நானே மிதந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து அறை மராத்திக்காரர் தாத்யா வந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அரே, கணபதிக்குத்தான் ரெண்டு சம்சாரம்! கார்த்திகேயன்தான் பிரம்மச்சாரி. எங்க சாமிய கேலி பண்றியா?" என்று இந்தியில் கத்தினார்.

"எங்கூர்ல பிள்ளையார்தாம்ல ஒத்தக்கட்டை!" என்று நம்மாட்கள் திருப்பிக் கத்தினார்கள். இரு பக்கமும் கூட்டம் சேர்ந்தது. ஒருவர் கல்லைக்கூட எடுத்துவிட்டார்.

நான் பிரஷை எடுத்துப் பிள்ளையாருக்கு இருபுறமும் இரண்டு பெண்களை வரைந்தேன். தாத்யா அடங்கினார்.

"முருகன் பக்கத்துல இருக்கிறவங்களை அழிச்சிடவா?" என்று கேட்டேன்.

அவர் வள்ளியை வெகுநேரம் பார்த்தார்.

"சே, குடும்பத்தைப் பிரிக்காதே."

பிறகு அவரே பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

பார்வதிக்கு இப்போது நான்கு மருமகள்கள். ஒரே திரையில் சண்டையில்லாமல் நிற்கிறார்கள். உங்கள் வீட்டில் இது நடக்குமா? கீழே எழுதுங்கள், பென்சில் கட்டியிருக்கிறேன்.